பன்னிரண்டாவது ஊசி

மூட்டுவலி என்று வந்த அம்மா. தூக்கமும் இல்லை என்றதால் உச்சந்தலையில் ஒன்று சேர்த்து மொத்தம் பன்னிரண்டு அக்குபங்சர் ஊசி குத்தி வைத்திருந்தேன். இரவு ஒன்பது மணிக்குப் போன் வந்தது. "தம்பி, பூவை எடுக்கையில தலையில என்னமோ தட்டுது. ஊசி மாதிரி இருக்கு."

பைக்கில் அவர் வீட்டுக்கே போய் எடுத்துவிட்டு வந்தேன். ரத்தம் வரவில்லை, வலியும் இல்லையாம். காபி கூடக் கொடுத்தார். எனக்குத்தான் தூக்கம் போயிற்று.

அவர் புகார் கொடுக்க நினைத்திருந்தால் எங்கே போயிருப்பார்? எம்.பி.பி.எஸ். டாக்டர் என்றால் மருத்துவக் கவுன்சில் இருக்கிறது. அக்குபங்சரை 2003இல் மத்திய அரசு ஒரு சிகிச்சை முறையாக மட்டும் ஏற்றது. 2019 பிப்ரவரியில்தான் தனி மருத்துவ முறை என்ற அங்கீகாரம் வந்தது. பதிவு செய்வதும் கண்காணிப்பதும் மாநிலங்களின் பாடு. மேற்கு வங்கம் 1996இலேயே சட்டம் போட்டது, மகாராஷ்டிராவிலும் தனிச் சட்டம் உண்டு. இங்கே அப்படி ஒரு கவுன்சில் இல்லை. நுகர்வோர் நீதிமன்றம் போகலாம்தான். தலையில் மறந்த ஒரு ஊசிக்காக யார் போவார்கள்?

அதனால் வார இறுதி வகுப்பில் டிப்ளமோ வாங்கியவரும் போர்டு மாட்டுகிறார், மூன்று வருடம் படித்தவரும் மாட்டுகிறார். பலர் 'ஹீலர்' என்று போட்டுக்கொள்கிறார்கள். சிலர் 'டாக்டர்'. நானும் யோக்கியன் இல்லை. முதல் விசிட்டிங் கார்டில் அச்சகக்காரர் தானாகவே 'டாக்டர்' சேர்த்துவிட்டார். ஐந்நூறு கார்டும் தீரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

இதைவிடப் பயம் தருவது வேறு. "இன்சுலினை நிறுத்திடுங்க, உடம்பு தானா சரியாகும்" என்று எங்கள் தொழிலிலேயே சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேட்காமல் மாத்திரையில் கை வைக்காதீர்கள் என்று நான் சொன்னால், "உங்களுக்கே உங்க வைத்தியத்துல நம்பிக்கை இல்லையா சார்?" என்கிறார்கள்.

நான் பயிற்சி எடுத்த இடத்தில் ஒவ்வொருவரின் ஊசியையும் பெயர் எழுதிய குழாயில் போட்டு அடுத்த முறைக்கு வைத்திருப்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 1999 வழிகாட்டுதல் பரிந்துரைப்பது ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியை. இப்போது என் மேசையில் பேக்கெட் ஊசி, குத்தினாலும் துளைபடாத வெள்ளை டப்பா, ஒரு நோட்டு. அதில் 'போட்டது 12, எடுத்தது 12' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். உதவிக்கு வரும் பையன், "இதையெல்லாம் யார் சார் வந்து பாக்கப் போறாங்க?" என்றான். பதினான்கு வருடத்தில் ஒரு அதிகாரியும் வந்ததில்லை, உண்மைதான்.

அந்த அம்மா இன்னும் வருகிறார். கடைசி ஊசியை எடுத்ததும் எழுந்து உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்து, தலை முழுக்க ஒருமுறை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுகிறார்.