விண்டோஸ் ஒரு டிஸ்க்கில், சாவி இன்னொரு டிஸ்க்கில்

பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க் கொஞ்ச நாளாகவே 'டிக்... டிக்...' என்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தைத் திறந்து பார்த்தால், கெட்டுப்போனதால் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டர்களின் (டிஸ்க்கின் சின்னச் சின்ன சேமிப்புக் கட்டங்களின்) எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டிருந்தது. நல்லவேளை, விண்டோஸ் இருப்பது மதர்போர்டிலேயே நேராகச் செருகும் 500 ஜிபி எம்.2 எஸ்எஸ்டியில். பழைய டிஸ்க்கில் படங்களும் பாட்டுகளும் எப்போதோ சேர்த்துவைத்த ஃபைல்களும்தான். அதனால் பெரிதாக யோசிக்காமல் 4 டிபி டிஸ்க் ஒன்றை வாங்கினேன். பழையதைக் கழற்றி, புதியதை மாட்டி, பழையதை யூஎஸ்பி கேஸில் போட்டுக் காப்பி எடுத்தால் வேலை முடிந்தது. அரை மணி நேரம் என்று கணக்குப் போட்டேன். மூன்று ராத்திரி போனது.

கேபினெட்டைத் திறந்துவிட்டு சும்மா மூட யாருக்கு மனசு வரும்? தூசியைத் துடைத்தேன். டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும், சிக்கிக் கிடந்த சாட்டா கேபிள்களைப் பிரித்து, காற்றுப் போக வழிவிட்டு, வேறு போர்ட்களில் அழகாகச் செருகினேன். இந்த அழகுணர்ச்சிதான் பிறகு என்னைப் படுத்தியது. ஒரே நேரத்தில் மூன்று மாற்றங்களைச் செய்துவிட்டால், எது காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பவர் பட்டனை அழுத்தினேன். ஃபேன் சுற்றியது, கீபோர்டில் விளக்கு எரிந்தது. அப்புறம் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: 'ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்'.

கேபிள் சரியாக உட்காரவில்லை என்று நினைத்தேன். எல்லாவற்றையும் பிடுங்கி, 'க்ளிக்' என்று கேட்கும்வரை அழுத்தினேன். அதே எழுத்து. டெலீட் கீயைத் தட்டிக்கொண்டே ஆன் செய்து, விண்டோஸுக்கு முன்னால் ஓடும் மதர்போர்டின் செட்டிங் திரையான பயாஸுக்குள் போனேன். ஸ்டோரேஜ் பட்டியலில் எஸ்எஸ்டியின் பெயர் இருந்தது. புதிய 4 டிபி டிஸ்க் இல்லை. 'சிக்கிவிட்டது!' என்று அதன் பின்னால் ஓடினேன். கேபிளை மாற்றினேன், பவர் கேபிளை மாற்றினேன், வாங்கி வந்த டிஸ்க்கே செத்துப் பிறந்ததோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். முக்கால் மணி நேரம் கழித்து மதர்போர்டின் கையேட்டை எடுத்துப் புரட்டினால், சாட்டா போர்ட் படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி இருந்தால் 5, 6 எண் போர்ட்கள் வேலை செய்யாது. நான் அழகாகச் செருகியது 5-ல். இதில் போர்டுக்குப் போர்டு வித்தியாசம் உண்டு, எந்த போர்ட் அணையும் என்று அவரவர் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

2-ஆம் போர்ட்டுக்கு மாற்றினேன், 4 டிபி வந்துவிட்டது. சந்தோஷமாக சேவ் செய்து ரீஸ்டார்ட் செய்தால், அதே வெள்ளை எழுத்து.

மறுபடி பயாஸ். இந்த முறை ஸ்டோரேஜ் பட்டியலை விட்டுவிட்டு எதிலிருந்து கிளம்புவது என்ற பூட் வரிசையைப் பார்த்தேன். வழக்கமாக முதலில் நிற்கும் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' அங்கே இல்லவே இல்லை. எஸ்எஸ்டி இருக்கிறது, ஆனால் அதிலிருந்து கிளம்ப வழி இருப்பதாக பயாஸுக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில் இதன் அர்த்தம் எனக்குப் புரியவில்லை. சிஎஸ்எம் என்ற, பழைய பயாஸ் போலவே கிளம்பும் முறையை ஆன் செய்து பார்த்தேன், பலனில்லை, அணைத்துவிட்டேன். கம்ப்யூட்டர் டிஸ்க்குகளோடு பேசும் முறையான சாட்டா மோடை மட்டும் தொடவில்லை. ஏஹெச்சிஐ-யில் இருப்பதை ரெய்டுக்கு மாற்றிவிட்டால் நன்றாக இருக்கும் விண்டோஸும் நீலத் திரையில் போய் நிற்கலாம்.

நண்பனுக்கு போன் போட்டேன். "டேய், எதுக்கு மண்டையை உடைச்சுக்கிற? புதுசா விண்டோஸ் போட்டுடு, ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும்" என்றான். விண்டோஸ் ஒரு மணி நேரத்தில் முடியும், சரி. அதன்மேல் நான் பல வருஷமாக ஏற்றி வைத்திருப்பதெல்லாம்? படுத்துவிட்டேன்.

இரண்டாம் ராத்திரி புத்தி வந்தது. முதலில் எல்லாவற்றையும் பழையபடி வைப்பது, பிறகு ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். புதிய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, டிக் டிக் டிஸ்க்கை அதன் பழைய போர்ட்டிலேயே மாட்டினேன். ஆன் செய்தால் விண்டோஸ் ஒன்றுமே நடக்காததுபோல் வந்து நின்றது. மூடிவிட்டுப் பழையதை மட்டும் கழற்றினேன்: வெள்ளை எழுத்து. மாட்டினேன்: விண்டோஸ். வெறும் படமும் பாட்டும் இருக்கும் டிஸ்க் இல்லாமல் கம்ப்யூட்டர் எழ மறுக்கிறது!

டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்ததும் விஷயம் விளங்கிவிட்டது. எஸ்எஸ்டியின் பட்டையில் சி டிரைவ், ஓரத்தில் சின்ன ரெக்கவரி பகுதி, அவ்வளவுதான். பழைய டிஸ்க்கின் பட்டையில் இடது ஓரமாக, விரல் நகம் அளவுக்கு ஒரு கட்டம்: 100 எம்பி, 'இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்'. பார்ட்டிஷன் என்றால் டிஸ்க்கில் பிரித்த ஒரு பகுதி.

பழைய பயாஸ் நேரே டிஸ்க்கின் முதல் செக்டரைப் படித்துக் கிளம்பும். அதன் இடத்துக்கு இப்போது வந்திருக்கும் யூஇஎஃப்ஐ அப்படியில்லை (பேச்சில் இதையும் பயாஸ் என்றே சொல்கிறோம்). ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த ஒரு சின்ன பார்ட்டிஷனைத் தேடி, அதற்குள் இருக்கும் பூட் ஃபைலை ஓட்டும். அந்த ஃபைல்தான் விண்டோஸ் எங்கே இருக்கிறது என்று பார்த்து எழுப்பும். இரண்டும் ஒரே டிஸ்க்கில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. ஒரு காலத்தில் என் விண்டோஸ் அந்தப் பழைய டிஸ்க்கில்தான் இருந்தது. எஸ்எஸ்டி வாங்கியபோது பழையதைக் கழற்றாமலே புதிதாக இன்ஸ்டால் செய்தேன். ஏற்கெனவே ஒரு இஎஃப்ஐ பார்ட்டிஷன் இருந்ததால், பூட் ஃபைல்கள் அதிலேயே போய் உட்கார்ந்துவிட்டன. பிறகு பழைய டிஸ்க்கில் இருந்த விண்டோஸைத் துடைத்தேனே தவிர, முன்னால் இருந்த அந்த 100 எம்பியைக் கவனிக்கவில்லை. ஆக, இத்தனை வருஷமும் கம்ப்யூட்டர் தினமும் சாகக் கிடக்கும் டிஸ்க்கிடம் போய்ச் சாவி வாங்கித்தான் எஸ்எஸ்டியைத் திறந்திருக்கிறது. அது ஒருநாள் பொசுக்கென்று போயிருந்தால் நான் எஸ்எஸ்டியைத்தான் திட்டியிருப்பேன்.

டிஸ்க் உயிரோடு இருக்கும்போதே ஃபைல்களை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். 4 டிபியையும் மாட்டி, பார்ட்டிஷன் பட்டியலை ஜிபிடி முறையில் வைத்துத் தயார் செய்தேன். எம்பிஆர் என்ற பழைய முறையைக் கொடுத்தால் 2 டிபிக்கு மேல் பயன்படாது. காப்பி ஓட ஆரம்பித்ததும் தூங்கப் போனேன்.

மூன்றாம் ராத்திரி சாவியை இடம் மாற்றும் வேலை. டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் ஆனில் இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். சில கம்ப்யூட்டர்களில் நாம் கேட்காமலே ஆனாகியிருக்கும், பூட் வழியை மாற்றியதும் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்டு நிற்கும். என்னுடையதில் இல்லை. சி டிரைவில் ரைட் க்ளிக் செய்து, 'ஷ்ரிங்க் வால்யூம்' கொடுத்து 300 எம்பி இடம் ஒதுக்கினேன். அப்புறம் கமாண்ட் அடிக்கும் கறுப்புப் பெட்டியான கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, பார்ட்டிஷன்களைக் கையாளும் டிஸ்க்பார்ட்டை ஓட்டினேன்.

'லிஸ்ட் டிஸ்க்' அடித்ததும் மூன்று வரிகள் வந்தன: 931 ஜிபி, 3726 ஜிபி, 465 ஜிபி. 1 டிபி, 4 டிபி, 500 ஜிபி என்று விற்பதை விண்டோஸ் இப்படித்தான் காட்டும். விண்டோஸ் கொடுக்கும் டிஸ்க் எண்ணும் மதர்போர்டின் போர்ட் எண்ணும் ஒத்துப்போக வேண்டியதில்லை, அதனால் அளவை வைத்துத்தான் அடையாளம் பிடித்தேன். 465 தான் எஸ்எஸ்டி. அதன் எண் 2. பேப்பரில் எழுதி, வட்டம் போட்டு, பக்கத்தில் வைத்துக்கொண்டேன். நான் படித்த ஒரு குறிப்பில் இந்த இடத்தில் 'க்ளீன்' என்ற கமாண்டைப் போகிறபோக்கில் எழுதியிருந்தார்கள். அது டிஸ்க்கின் பார்ட்டிஷன்கள் அத்தனையையும் அழித்துவிடும், அதன் பக்கமே போகாதீர்கள்.

'செலக்ட் டிஸ்க் 2' கொடுத்தேன். 300 எம்பியில் இஎஃப்ஐ பார்ட்டிஷன் ஒன்றை உருவாக்கி, ஃபேட்32-வில் ஃபார்மட் செய்து, அதற்கு எஸ் என்ற எழுத்தைக் கொடுத்து வெளியே வந்தேன். கடைசியாக, பூட் ஃபைல்களை எழுதிக் கொடுக்கும் 'பிசிடிபூட்' கமாண்ட். மூன்று விஷயங்களை அதற்குச் சொல்ல வேண்டும்: விண்டோஸ் ஃபோல்டர் சி-யில், பூட் ஃபைல்கள் எஸ்-க்குப் போக வேண்டும், முறை யூஇஎஃப்ஐ. என்டர் தட்டினேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரே வரியில் பதில்: 'பூட் ஃபைல்ஸ் சக்சஸ்ஃபுல்லி கிரியேட்டட்'. மூன்று ராத்திரி அலைச்சலுக்கு ஒரு வரி.

பழைய டிஸ்க் ஏற்கெனவே செத்துப்போயிருந்தாலும் இதே வேலையை விண்டோஸ் இன்ஸ்டால் யூஎஸ்பியிலிருந்து செய்யலாம். முதல் திரையில் ஷிஃப்ட்டோடு எஃப்10 அழுத்தினால் அதே கறுப்புப் பெட்டி திறக்கும். ஆனால் அங்கே சி என்று வருவது உங்கள் சி-யாக இருக்காமல் போகலாம். 'லிஸ்ட் வால்யூம்' போட்டு, விண்டோஸ் ஃபோல்டர் எந்த எழுத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டே ஷட்டவுன் கொடுத்தேன். சீக்கிரம் எழுவதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதி ஆனில் இருந்தால் சாதாரண ஷட்டவுன் பாதித் தூக்கம்தான், அந்த நிலையில் டிஸ்க்கைக் கழற்றக் கூடாது. பவர் கேபிளையும் பிடுங்கிவிட்டுப் பழைய டிஸ்க்கைக் கழற்றினேன். கேபினெட்டை மூடவில்லை, அவ்வளவு நம்பிக்கை! ஆன் செய்தேன். கறுப்புத் திரை சற்று அதிக நேரம் நின்றதுபோல் இருந்தது. பிறகு லோகோ, அதன் கீழே வட்டமாகச் சுற்றும் புள்ளிகள், பாஸ்வேர்டு கேட்கும் திரை.

பழையதுக்கு இருந்த டி எழுத்தைப் புதியதுக்குக் கொடுத்ததும், காணோம் காணோம் என்று கத்திக்கொண்டிருந்த ஷார்ட்கட்களும் அடங்கின.

பழைய டிஸ்க்கை இரண்டு வாரம் மேஜை டிராயரில் வைத்திருந்தேன். பிறகு யூஎஸ்பி கேஸில் போட்டு அந்த 100 எம்பியை அழிக்கப் பார்த்தால், ரைட் க்ளிக்கில் எல்லாமே மங்கிக் கிடந்தது. மறுபடியும் டிஸ்க்பார்ட்தான், 'டெலீட் பார்ட்டிஷன் ஓவர்ரைடு'. என்டரைத் தட்டுவதற்கு முன் டிஸ்க்கின் அளவை மூன்று முறை பார்த்தேன். 931. தட்டினேன்.