இரண்டாவது வழிக்கு யார் காசு கொடுப்பது?

இணைய இணைப்பு விற்கிற எல்லோரும் போஸ்டரில் வேகத்தைத்தான் போடுகிறோம். 100 எம்.பி.பி.எஸ்., 200, 300 என்று. மதுரையில் கேபிள் டி.வி. தொழிலிலிருந்து பிராட்பேண்டுக்கு வந்த எங்களுக்கு வேகம் பெரிய தலைவலியாக இருந்ததில்லை. அதைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். மொத்தக் கொள்முதல் விலையும் வருஷத்துக்கு வருஷம் இறங்கித்தான் வந்திருக்கிறது. விலை இறங்காதது ஒன்று உண்டு. ஒரு வழி அறுந்தால் போவதற்கு இன்னொரு வழி. இந்தத் தொழிலில் என் தூக்கத்தைக் கெடுத்ததில் பெரும்பங்கு அதற்குத்தான்.

வாடிக்கையாளருக்குத் தெரிவது மோடத்தில் எரியும் சிவப்பு லைட் மட்டும். "அண்ணே, செவப்பு லைட்டு எரியுதுண்ணே" என்று ஆனையூரிலிருந்து ஒரு போன் வந்தால், அந்த வீட்டில் எலி கடித்திருக்கும், இல்லை வெள்ளையடிக்க வந்தவர் வயரை மடக்கி ஆணி அடித்திருப்பார். அதே பகுதியிலிருந்து அடுத்தடுத்து போன் வந்தால் வீடு வீடாகப் போவதில் பயனில்லை. எங்கோ ஜே.சி.பி. வேலை செய்கிறது என்று அர்த்தம்.

ஓ.டி.டி.ஆர். என்ற கருவியை மாட்டினால் ஒளி எத்தனை மீட்டரில் திரும்பி வருகிறது என்று சொல்லிவிடும். 2,340 மீட்டர் என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது கேபிளின் நீளம், ரோட்டின் நீளம் இல்லை. வழியில் எந்தக் கம்பத்தில் எத்தனை மீட்டர் உபரி கேபிளை லூப்பாகச் சுற்றி வைத்திருக்கிறோம் என்பது தெரிந்தவனுக்குத்தான் அந்த எண் இடமாக மாறும். எங்களிடம் அது ஒரு லைன்மேன் தம்பியின் மூளையில் இருந்தது. அவன் ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்த நாளில் கேபிள் அறுந்து, அவன் போனிலேயே "அந்த டீக்கடை எதிர் கம்பத்துல பெரிய லூப் இருக்குண்ணே, அத கழிச்சுக்குங்க" என்று வழி சொல்லி வேலையை முடிக்க வைத்தான். லூப் கணக்கு முழுவதையும் மேப்பில் ஏற்றியது அதற்குப் பிறகுதான்.

இடம் தெரிந்தாலும் வேலை அங்கே முடிவதில்லை. ஜே.சி.பி. பக்கெட்டில் மாட்டிய கேபிள் அறுவதற்கு முன்னால் நன்றாக இழுபடும். வெட்டு ஓரிடத்தில் தெரியும், உள்ளே கண்ணாடி இழை நொறுங்கியிருப்பது பல மீட்டர் தள்ளி இருக்கும். ஆகவே இரண்டு பக்கமும் நல்ல கேபிள் கிடைக்கும்வரை வெட்டிக்கொண்டே போய், நடுவில் புதுத் துண்டு வைத்து, இரண்டு இடத்தில் ஜாயிண்ட் போட வேண்டும். 24 கோர், அதாவது 24 இழை உள்ள கேபிள் என்றால் 48 ஒட்டு. இழைகளுக்கு நிற வரிசை உண்டு: நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை, சிவப்பு, கருப்பு, மஞ்சள், ஊதா, ரோஸ், ஆகாய நீலம். இந்த வரிசை தப்பினால் வேறு தெருவின் வெளிச்சம் வேறு தெருவுக்குப் போகும். தெருவிளக்கும் இல்லாத இடத்தில், ஒருவர் டார்ச் பிடிக்க, இன்னொருவர் வண்டியின் சைடு பெட்டி மேல் இழைகளை ஒட்டுகிற ஸ்ப்ளைசிங் மெஷினை வைத்து, 125 மைக்ரான் தடிமனுள்ள இழையை ஸ்பிரிட்டில் துடைத்து, வெட்டி, உள்ளே வைக்கிறார். ஸ்கிரீனில் ஒளி இழப்பு 0.02 டி.பி. (டெசிபல்) என்று வந்தால் அடுத்த நிறம். காற்றில் தூசி வந்தால் மறுபடி முதலிலிருந்து.

அந்தச் சின்ன எண்ணுக்கு ஏன் இத்தனை பாடு என்று புதிதாக வரும் பையன்கள் கேட்பார்கள். ஒரே இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஜி-பான் முறையில், எங்கள் பக்கத்துக் கருவியின் ஒரு போர்ட்டின் 2.488 ஜி.பி.பி.எஸ். வேகத்தை 64 வீடுகள் வரை பகிர்கின்றன. எட்டாகப் பிரித்து, அதை மறுபடி எட்டாகப் பிரித்தால் ஒளியைப் பிரிக்கிற ஸ்ப்ளிட்டர்களிலேயே 20 டி.பி.க்கு மேல் போய்விடும். நாங்கள் வைத்திருக்கும் லேசர் வகைக்கு மொத்தம் 28 டி.பி.தான் தாங்கும். தூரம், கனெக்டர் எல்லாம் கழித்தால் மிச்சம் கொஞ்சம். ஒவ்வொரு அவசர ஒட்டும் அந்த மிச்சத்திலிருந்துதான் எடுக்கிறது. பல தடவை வெட்டுப்பட்ட தெருவில் மழைக்காலத்தில் நெட் விட்டு விட்டு வருவதற்குக் காரணம் இதுதான்.

தோண்டுகிறவர்கள் முன்கூட்டியே தகவல் தரட்டும் என்று 2023 மார்ச்சில் மத்திய அரசு 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியைக் கொண்டுவந்தது. நாட்டில் வருஷத்துக்குச் சுமார் 10 லட்சம் ஃபைபர் வெட்டுகள், 3,000 கோடி ரூபாய் நஷ்டம் என்று அப்போது அரசே சொன்னது. நல்ல முயற்சி. ஆனால் பாதாளச் சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் நம் தெருக்களைத் தோண்டுகிற சப்-கான்ட்ராக்டரின் கையில் அந்தச் செயலியை நான் இன்னும் பார்க்கவில்லை.

தெருவில் அறுந்தால் தெருவோடு போகும். எங்களுக்கு இணையம் கொண்டுவருகிற மேல் லிங்க் அறுந்தால் ஊரே போகும். எங்களுக்கு இணையம் சென்னையிலிருந்து வருகிறது. ஒரே நிறுவனத்தை நம்பக் கூடாது என்று இரண்டு நிறுவனங்களிடம் லிங்க் எடுத்தோம். இரண்டு பில், இரண்டு ஒப்பந்தம், "தனித்தனி பாதை" என்ற வாக்குறுதியும் இரண்டு தரப்பிலும் இருந்தது. ஒருநாள் மாலை, ஐ.பி.எல். ஆட்டம் தொடங்கிய நேரம், இரண்டும் ஒரே நொடியில் விழுந்தன. விசாரித்தால், இரண்டு கேபிளும் திருச்சி நெடுஞ்சாலையில் கொட்டாம்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரே பள்ளத்தில் அடுத்தடுத்துக் கிடந்திருக்கின்றன. ஒரு நிறுவனம் அந்தப் பகுதியில் தன் கேபிளே போடாமல் இன்னொருவரிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டியிருக்கிறது. பில்லில் இரண்டு பெயர், மண்ணுக்குள் ஒரே குழி.

அன்றிலிருந்து நாங்கள் யாரிடம் லிங்க் எடுத்தாலும் கேட்பது பாதையின் வரைபடத்தைத்தான். தர மறுக்கிற நிறுவனங்களே அதிகம். உண்மையில் வேறு வழி என்றால் திண்டுக்கல், கரூர், சேலம் வழியாகப் பெங்களூருக்குப் போகிற 44-ஆம் எண் நெடுஞ்சாலைப் பக்கம்தான். அது விலை கூடுதல். முதல் லிங்க் நன்றாக ஓடுகிற மாதம் முழுக்க இது சும்மா கிடக்கும். 500 ரூபாய் திட்டத்துக்கு மேல் 90 ரூபாய் ஜி.எஸ்.டி. கட்டுகிற குடும்பத்திடம், "அறுந்தால் உதவும், அதற்கு 40 ரூபாய் சேர்த்துக் கொடுங்கள்" என்று கேட்க முடியாது. பக்கத்துத் தெருவில் பெரிய நிறுவனத்தின் ஆள் ஓ.டி.டி. சந்தாவோடு அதைவிடக் குறைவாகத் தருகிறேன் என்று நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

அரைகுறையாக ஒரு சின்ன லிங்க்கை எடுத்து வைத்தாலும் பயனில்லை. கேபிள் டி.வி.யில் ஒரு சிக்னலை ஏற்றினால் ஊரே பார்க்கும். இணையத்தில் ஆயிரம் வீடு ஒரே ஆட்டத்தைப் பார்த்தால் ஆயிரம் தனித்தனி ஓட்டம். அதிகம் பார்க்கப்படுவதை நகலெடுத்து வைத்துக்கொள்கிற கேஷ் சர்வர் பக்கத்திலேயே இருந்தால் சென்னை லிங்க்கின் பாரம் குறையும், ஆனால் சிறியவர்களுக்கு அது எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே இரண்டாவது லிங்க், மாலை ஏழிலிருந்து பதினொன்று வரையிலான கூட்டத்தைத் தாங்குகிற அளவுக்காவது வேண்டும்.

இதில் வெளியே தெரியாத இன்னொரு சிக்கல் முகவரி. ஒரு நிறுவனம் கொடுத்த ஐ.பி. முகவரியை, அதாவது இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணை, வைத்துக்கொண்டு இன்னொரு நிறுவனத்தின் வழியாகப் போக முடியாது. வழி மாறினாலும் வாடிக்கையாளர் அறுபடாமல் இருக்க, சொந்த ஏ.எஸ். எண்ணும் (இணையத்தில் ஒரு நெட்வொர்க்கின் அடையாள எண்) சொந்த முகவரிகளும் வேண்டும். ஆசிய பசிபிக் பகுதியில் பழைய வகை முகவரியான ஐ.பி.வி4-இன் இருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. புதிதாகக் கேட்பவருக்கு இப்போது அதிகபட்சம் 512 முகவரி. ஆயிரக்கணக்கான வீடுகளை அதற்குள் அடைக்க, ஒரு முகவரியைப் பல வீடுகள் பகிர்கிற முறைக்குப் போனோம். உடனே இரண்டு வகைப் போன்கள். வெளியூரிலிருந்து வீட்டு கேமராவைப் பார்க்க முடியவில்லை என்பவர்கள் ஒருபுறம். மறுபுறம் சைபர் கிரைமிலிருந்து, இந்த முகவரி இந்த நேரத்தில் யாருடையது என்று. ஒரே முகவரியைப் பகிரும் இணைப்புகளைப் பிரித்துக் காட்டுகிற போர்ட் எண் இல்லாமல் கேட்டால் அந்தக் கேள்விக்கு ஒரு பெயரைச் சொல்ல முடியாது, ஒரு தெருவையே சொல்லலாம். அப்பாவி ஒருவர் மாட்டக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு முறையும் போர்ட் எண்ணையும் நொடி வரை நேரத்தையும் கேட்டு எழுதி அனுப்புகிறோம். இதற்கான பதிவுகளைச் சேமிக்கும் சர்வரும் எங்கள் செலவுதான். புதிய வகை முகவரியான ஐ.பி.வி6 எல்லா வீட்டுக்கும் கொடுத்தாயிற்று. பழைய கேமராக்களுக்கு அது புரியாது.

சித்திரைத் திருவிழா தனிக் கதை. மாசி வீதிகளில் தேர் வருவதற்கு முன்னால் குறுக்கே போகிற வயர்களை இறக்கியாக வேண்டும். தேருக்குத்தான் முதல் உரிமை, அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. அந்த நாலு வீதிக்குள் இருக்கும் கடைகளை வெளி வீதிப் பக்கமிருந்து இன்னொரு கேபிளில் வாங்கி வைத்திருந்ததால், போன திருவிழாவில் வயரை இறக்கினோம், தேர் போனது, எந்தக் கடையிலும் பில் மெஷின் நிற்கவில்லை. நகைக்கடைக்காரர் ஒருவர் மறுவாரம் கூப்பிட்டு, அந்த இரண்டாவது கேபிளுக்கு மாசம் எவ்வளவு என்று தானாகக் கேட்டார். இத்தனை வருஷத்தில் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்.

ஊர் மொத்தத்துக்கும் அப்படிக் கேட்க ஆளில்லை. ஆகவே இப்போது போட்டிக்காரர்களிடமே போகிறோம். வாடிப்பட்டி பக்கம் ஒரு அண்ணன் நெட்வொர்க் நடத்துகிறார், அவருக்கு லிங்க் திண்டுக்கல் பக்கமிருந்து வருகிறது. எங்கள் கேபிள் சமயநல்லூர் வரை இருக்கிறது. இரண்டையும் இணைத்தால் எங்கள் பக்கம் அறுந்தால் அவர் வழியாகவும், அவர் பக்கம் அறுந்தால் எங்கள் வழியாகவும் போகலாம். ஆளுக்கு இரண்டு கோர், வாடகை கிடையாது, அறுந்த நேரத்தில் இழுத்த அளவுக்கு மட்டும் கணக்கு. ஒருவர் வாடிக்கையாளரை இன்னொருவர் ஒரு வருஷத்துக்குத் தொடக் கூடாது என்றும் எழுதிக்கொண்டோம். அந்த ஒரு வரிக்குத்தான் மூன்று டீ ஆனது. நடுவில் நெடுஞ்சாலையோரம் கேபிள் போக அனுமதி வாங்க வேண்டும், விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். அந்தத் தூரத்தில் அறுந்தால் ஸ்ப்ளைசிங் செலவு யாருடையது என்பது மட்டும் இன்னும் பேசி முடியவில்லை. பாதிப் பாதி என்கிறார் அவர். எந்தப் பக்கம் பயன்படுத்திக்கொண்டிருந்ததோ அந்தப் பக்கம் கட்டட்டும் என்கிறேன் நான்.