வைரஸுக்குக் குளிர் காட்டப்போய்: ஓர் ஆய்வு மாணவியின் ஆறு மாதப் பாடு

"பத்திரமா ஃப்ரீசர்ல வச்சிருக்கேன்மா, பயப்படாதே."

திங்கள்கிழமை காலை ஸ்டோர் அண்ணன் இதைச் சொன்னதும் நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் பேரில் தப்பே இல்லை. வெள்ளிக்கிழமை மதுரைக்கு வந்துவிட்ட வைரஸ் பார்சலை, மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்துப் பயந்து கூரியர்காரர்கள் ஓரமாக வைத்துவிட்டார்கள். சனிக்கிழமை மத்தியானம் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தெர்மோகோல் பெட்டிக்குள் ட்ரை ஐஸ் (உறைந்த கரியமில வாயு) ஒரு துண்டுகூட மிச்சமில்லை. அண்ணன் நல்ல மனசோடு குழாய்களை எடுத்துப் பக்கத்து டிபார்ட்மென்ட் ஃப்ரீசரில் வைத்துவிட்டார். அது மைனஸ் 20.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இன்ஃப்ளுயன்சா வைரஸ் சாதாரண ஃப்ரிட்ஜில் 4 டிகிரியில் சில நாள் தாங்கும். மைனஸ் 70-க்குக் கீழே வருடக்கணக்கில் தாங்கும். நடுவில் இருக்கும் மைனஸ் 20 தான் அதற்கு எமன். உறைய வைத்தால் எல்லாம் பத்திரம் என்று நாம் நினைக்கிறோம், அதுதான் வினை. அதனால் பார்சல் வரும் வாரத்தில் ஸ்டோர், வாட்ச்மேன், லேப் மூன்று இடத்திலும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்: "மைனஸ் 80 இல்லையென்றால் வெறும் ஃப்ரிட்ஜ். மைனஸ் 20 வேண்டவே வேண்டாம்." அனுப்புகிறவரிடம் திங்கள் அல்லது செவ்வாய் அனுப்பச் சொல்லுங்கள். குழாய் மூடியைச் சுற்றி பாராஃபிலிம் என்ற மெழுகுப் படலத்தை இறுக்கமாகச் சுற்றச் சொல்லவும் மறக்காதீர்கள். ட்ரை ஐஸிலிருந்து வரும் கரியமில வாயு உள்ளே புகுந்தால் திரவம் அமிலமாகிவிடும், அதுவும் வைரஸுக்கு ஆகாது.

வேலை என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பறவைக் காய்ச்சல் மனிதரிடையே பெருந்தொற்றாக மாறினால் மூக்கில் சொட்டாக விடக்கூடிய, உயிருள்ள, வீரியம் குறைத்த தடுப்பூசிக்கான பெரிய திட்டம் ஒன்று. இதற்கான பழைய வழி, வைரஸைக் குளிருக்குப் பழக்குவது. 25 டிகிரியில் நன்றாகப் பெருகப் பழகிய வைரஸ் மூக்கின் குளிர்ச்சியில் வளரும், நுரையீரலின் சூட்டில் திணறும். அமெரிக்காவில் மாஸ்ஸாப் என்ற விஞ்ஞானி இப்படிப் பழக்கிய ஆன் ஆர்பர் வைரஸிலிருந்துதான் 2003-இல் ஃப்ளூமிஸ்ட் என்ற மூக்குத் தடுப்பூசி வந்தது. ரஷ்யர்களின் லெனின்கிராட் வைரஸை வைத்துத்தான் புனே சீரம் நிறுவனம் 2010-இல் பன்றிக் காய்ச்சலுக்கு நாசோவாக் கொண்டுவந்தது. அந்த வைரஸின் முழுப்பெயர் ஏ/லெனின்கிராட்/134/17/57. நடுவில் வரும் 17, அதை 25 டிகிரியில் கருவுள்ள கோழிமுட்டைக்குள், முட்டைக்கு முட்டை 17 முறை மாற்றி வளர்த்ததற்கான கணக்கு. ஒவ்வொரு முறை முட்டை உடைக்கும்போதும் அந்த 17 என் கண்ணில் ஆடும்.

இப்படிப் பழகிய வைரஸின் ஆறு மரபணுத் துண்டுகளோடு பறவைக் காய்ச்சல் வைரஸின் மேலுறைத் துண்டுகள் இரண்டைச் சேர்த்தால் தடுப்பூசி வைரஸ். அந்தச் சேர்க்கை வேலையெல்லாம் எங்கள் ஊரில் கிடையாது, அதற்கு உயர் பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும். என் பங்கு, 1934-இல் புவர்டோ ரிக்கோவில் எடுக்கப்பட்டு உலகம் முழுக்க லேபில் புழங்கும் பி.ஆர்.8 என்ற மனித ஃப்ளூ வைரஸை 33 டிகிரியிலிருந்து 25-ஐ நோக்கிப் படிப்படியாகக் குளிருக்குப் பழக்குவது மட்டும்.

இந்த "மட்டும்" தான் ஆபீஸுக்குப் புரியவில்லை. திட்டத்தின் தலைப்பில் "பறவைக் காய்ச்சல்", "பெருந்தொற்று", "உயிருள்ள" மூன்றும் வரிசையாக இருந்தன. ஃபைல் உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த மேடம் தலைப்பைத் தாண்டி ஒரு வரி படிக்கவில்லை. "கொரோனா மாதிரி இங்கேருந்து எதுவும் கிளம்பிடாதே?" என்று கேட்டார். நான் சிரித்தேன், அது இன்னும் பெரிய தப்பு. கைடு சார் சொன்ன யோசனைதான் வழி திறந்தது. முதல் பக்கத்தில், தலைப்புக்கு அடியிலேயே, இங்கே என்ன இருக்காது என்று எழுதச் சொன்னார். "இந்த ஆய்வகத்தில் பறவைக் காய்ச்சலின் எச்5 வைரஸ் எதுவும் வளர்க்கப்படாது, வைக்கப்படாது." அந்த ஒரே வரியால் ஃபைல் அடுத்த மேஜைக்கு நகர்ந்தது.

அடுத்த மேஜையில் உயிரிப் பாதுகாப்புக் குழு. அதில் உயிரித் தொழில்நுட்பத் துறையின் பிரதிநிதி ஒருவர் வெளியூரிலிருந்து வர வேண்டும். அவர் வராத கூட்டத்தில் நான் பேசிய இருபது நிமிஷமும் வீண். அடுத்த கூட்டம் ஆறு வாரம் கழித்து. கூட்டத் தேதி கிடைத்ததும் முதலில் அவருக்கு டிக்கெட் போட்டாச்சா என்று விசாரியுங்கள், ஸ்லைடை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இதற்கிடையில் வைரஸ் வளர்க்கும் கருவுள்ள கோழிமுட்டைக்கு விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி வேண்டுமா வேண்டாமா என்று அவர்களுக்குள்ளேயே மூன்று வாரம் வாக்குவாதம். கடைசியில் முட்டையை விட்டுவிட்டு, பரிசோதனைக்குச் சேவலிடம் எடுக்கும் ரத்தத்துக்குக் காகிதம் கேட்டார்கள். இரண்டு சேவல், றெக்கை நரம்பில் சில மில்லி ரத்தம். அதற்குப் பதினோரு பக்கம்.

சரி, முட்டைக்கு வருகிறேன்.

முதல் தடவை பர்ச்சேஸ் பிரிவு எனக்கு வாங்கிக் கொடுத்தது மார்க்கெட் முட்டை, ஐந்து தட்டு. "முட்டைன்னா முட்டைதானே?" பண்ணைக் கூண்டில் சேவலையே பார்க்காத கோழி இட்ட முட்டையில் கரு எங்கிருந்து வரும்? ஹாஸ்டல் மெஸ்ஸில் இரண்டு நாள் ஆம்லெட்.

கிருமியில்லாத எஸ்.பி.எஃப். முட்டையை வெளிமாநிலத்திலிருந்து தருவிப்பதற்கு பட்ஜெட் ஒரு தடவைக்குத்தான் தாங்கும். அதைக் கடைசிச் சுற்றுக்கு ஒதுக்கிவிட்டு, பழகும் சுற்றுகளுக்கு நாமக்கல் பக்கம் ஒரு குஞ்சு பொரிப்பகத்தில் பேசினோம். விடியற்காலை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, திண்டுக்கல், கரூர் தாண்டிப் போய் இறங்கினால், கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். எதற்கு என்று கேட்டார் மேனேஜர். நான் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "அந்தப் பேரையே இங்க சொல்லாதீங்கம்மா." 2006-இல் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்ததற்கு இங்கே கறிக்கோழியும் முட்டையும் வாங்க ஆளில்லாமல் போனதை அவர் மறக்கவில்லை. வெறுங்கையோடு திரும்பினேன். வரும் வழியெல்லாம் கோபம். அப்புறம் யோசித்தால் அவர் செய்ததுதான் சரி. ஃப்ளூ லேபில் வேலை செய்கிறவள் கோழிப் பண்ணைக்குள் காலை வைக்கவே கூடாது. இதை அவர் எனக்குச் சொல்ல வேண்டியிருந்ததுதான் உறுத்தல். அதன்பிறகு அவரே ஆள் மூலம் பஸ் ஸ்டாண்டில் தட்டைக் கொடுத்துவிடும் ஏற்பாடாயிற்று. அந்தப் பேரை இன்றுவரை போனில் நான் சொல்வதில்லை.

90 முட்டையை மடியிலும் பக்கத்து சீட்டிலும் வைத்துக் கொண்டுவந்து, அன்று சாயங்காலமே 37.5 டிகிரியில் அடை வைத்தேன். ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச் அடித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் கூமுட்டை. உசிலம்பட்டியில் இருக்கும் அப்பத்தாவிடம் போனில் புலம்பினேன். "பஸ்ல குலுங்கி வந்த முட்டைய வந்த அன்னைக்கே யாராச்சும் அடை வைப்பாளா? ஒரு நாள் ஆற விடணும்டி" என்றது. புத்தகத்தைத் திறந்து பார்த்தேன், அதிலும் இருந்தது. கூர்முனை கீழே இருக்கும்படி ஒரு நாள் அசைக்காமல் வைக்க வேண்டும். அடுத்த 90-இல் 71 பிழைத்தன. டார்ச் வெளிச்சத்தில் சிவப்பு நரம்பு விரிந்து, நடுவில் கருப்பாக ஒரு புள்ளி துள்ளும். பத்தாம் நாள் அந்தத் துள்ளலைப் பார்த்துத்தான் ஊசி போடுவது. காற்றறையின் எல்லையைப் பென்சிலால் கோடு போட்டு, ஸ்பிரிட் துடைத்து, துளையிட்டு, 0.1 மில்லி செலுத்தி, மெழுகால் அடைப்பது எல்லாம் இரண்டு நாளில் கை பழகிவிடும்.

ஊசி போட்ட முட்டையை 33 டிகிரியில் வைக்க வேண்டும். மே மாதம். எங்கள் லேப் 36. இன்குபேட்டரில் 33 என்று வைத்தால் திரையில் 36.8 காட்டுகிறது. தெர்மோஸ்டாட் போச்சு என்று மெக்கானிக்கை வரவழைத்தோம். அவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "இது சூடாக்கும்மா, குளிராக்காது" என்றார். விசிட்டிங் சார்ஜ் வாங்கிக்கொண்டு போனார். முதுகலைப் பட்டம் வாங்கிய நாங்கள் மூன்று பேர் அவர் போவதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

குளிரவும் வைக்கும் இன்குபேட்டர் பக்கத்து டிபார்ட்மென்டில் இருந்தது, தண்ணீர் மாசு அளக்கும் பி.ஓ.டி. பெட்டி. கோடை விடுமுறையில் கேட்டு வாங்கினேன். 33-லும் 30-லும் வைரஸ் அழகாக வளர்ந்தது, அதில் சொல்ல ஒன்றுமில்லை. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் போன ஒரு நாள் மட்டும், அந்தப் பிளக்குக்கு ஜெனரேட்டர் லைன் இல்லை என்று கண்டுபிடித்து, குளிர்ந்த தண்ணீர் பாட்டில்களை உள்ளே அடுக்கி ஒப்பேற்றினேன்.

ஜூனில் கல்லூரி திறந்ததும் தண்ணீர்க்காரர்கள் பெட்டியைத் திரும்பக் கேட்டார்கள். அவர்கள் பரிசோதனைக்கு மூன்று நாள், 27 டிகிரி வேண்டும். என் அட்டவணையில் அடுத்த படி 28. ஒரு டிகிரிக்காக ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் என் அட்டவணையில் 28-ஐ அடித்துவிட்டு 27 என்று எழுதினேன். மேல் தட்டில் சீல் வைத்த டப்பாவுக்குள் என் முட்டை, கீழ்த் தட்டில் அவர்கள் பாட்டில் என்று வைப்பதற்கும் உயிரிப் பாதுகாப்பில் ஒரு கடிதம் வாங்க வேண்டியிருந்தது. இதில் ஒரு எச்சரிக்கை. இந்தக் குளிரில் கருவே சோர்ந்துபோகும். வைரஸ் போடாத முட்டை ஐந்தாறைக் கூடவே வையுங்கள். இல்லையென்றால் கரு செத்தது வைரஸாலா குளிராலா என்று தெரியாமல் முழிப்பீர்கள். நான் முழித்தேன்.

27-இல் முதல் சுற்று ஒன்றுமில்லை. பரிசோதனைத் தட்டின் குழிகளில் சேவல் ரத்தம் அடியில் படிந்து, குன்றிமணி போலச் சிவப்புப் புள்ளிகள். வைரஸ் இருந்தால் ரத்த அணுக்களைப் பிணைத்துப் படலமாக விரித்துவிடும், இப்படிப் புள்ளியாகப் படிந்தால் வைரஸ் இல்லை என்று அர்த்தம். இரண்டாம் சுற்றும் அப்படியே. சார், "இன்னொரு தடவை குருட்டாம்போக்கில் அடுத்த முட்டைக்கு மாற்று" என்றார். மூன்றாம் சுற்றில் ரத்தம் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். நாற்பது நிமிஷம் கழித்து வந்து பார்த்தால் முதல் ஐந்து குழிகளில் புள்ளி இல்லை, இளஞ்சிவப்பாகப் படலம் விரிந்து கிடக்கிறது. நம்பாமல் தட்டைச் சாய்த்தேன். ஆறாவது குழியிலிருந்துதான் கண்ணீர் மாதிரி வழிந்தது. குழிக்குக் குழி முட்டைத் திரவத்தை இரண்டு மடங்காக நீர்க்க வைத்திருப்பதால், 32 மடங்கு நீர்த்த கரைசல் வரை வைரஸ் தெரிகிறது என்று அர்த்தம். சின்ன எண்தான், 33 டிகிரியில் இதைவிடப் பல மடங்கு வரும். ஆனாலும் மூன்று கோணத்தில் போட்டோ எடுத்தேன்.

இனி 25. தண்ணீர்க்காரர்களிடம் மறுபடியும் பேச வேண்டும்.