தாத்தாவின் பிக்கோலோ என்ன சுருதி?

என் தாத்தா தர்மபுரி வட்டாரத்தில் கல்யாண ஊர்வலங்களுக்கு பேண்டு வாசித்தவர். போன தை மாதம் அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது ஒரு பிக்கோலோவும் (மேல்நாட்டுச் சின்னப் புல்லாங்குழல்) ஒரு கிளாரினெட்டும் கிடைத்தன. பிக்கோலோ கறுப்பு மரம், ஆறு விரல் துளை, ஆறு உலோகக் கீ. அக்கா மகன் அதைத் துடைத்து ஊதி, கீபோர்டோடு சேர்ந்து வாசிக்கப் பார்த்தான். எந்த ஸ்கேலில் வைத்தாலும் சேரவில்லை. "மாமா, இது என்ன ஸ்கேல்?" என்று கேட்டான். பதில் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை மாதம் ஆனது.

முதலில் ஒரு இசைக்கருவிக் கடைக்குக் கொண்டுபோனேன். ஊதிப் பார்த்துவிட்டு, "சுருதி போயிடுச்சு, துளையை அரம் போட்டுத் தேய்த்தால் சரியாகிவிடும்" என்றார்கள். மனம் ஒப்பவில்லை. தேய்த்த மரம் திரும்ப வளராது. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்ததில் மரத்தில் பாதி தேய்ந்த முத்திரை தெரிந்தது: 'லண்டன்', அதன் கீழே ஈ என்ற ஆங்கில எழுத்தும் ஃபிளாட் குறியும் (அந்த ஸ்வரத்துக்கு அரை ஸ்வரம் கீழே என்று பொருள்). அப்பாடா, ஈ ஃபிளாட் என்று நினைத்தேன். ஆனால் கீபோர்டு வாசிக்கும் நண்பர், "இந்த மாதிரிப் பிக்கோலோவை இப்போது டி ஃபிளாட் என்றுதான் சொல்வார்கள்" என்றார். அன்று இரவு தூக்கமே வரவில்லை.

விஷயம் என்னவென்றால், இரண்டும் ஒரே கருவிதான். ஆறு துளையையும் மூடினால் என்ன ஸ்வரம் கேட்கிறதோ, அதையே பெயராக வைப்பது பழைய ஆங்கிலேய வழக்கம். இப்போது, தாளில் சி என்று எழுதியதை வாசித்தால் காதில் என்ன விழுகிறதோ, அதுதான் பெயர். நம் புல்லாங்குழலுக்கு இன்னொரு கணக்கு. மேல் இரண்டு துளையை மூடினால் வருவது சட்ஜமம். அதை வைத்துத்தான் கட்டை சொல்கிறோம். அப்படிப் பார்த்தால் இதே பிக்கோலோ ஆறரைக் கட்டை. ஆகவே பழைய குழலுக்கு யாராவது ஒரு பெயர் சொன்னால், எந்த விரல் வைத்துச் சொல்கிறார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

சரி, பெயர் புரிந்தது. ஆறு துளையையும் மூடி ஊதி, போனில் டியூனர் ஆப்பை வைத்துப் பார்த்தேன். ஈ ஃபிளாட் என்றால் 622 ஹெர்ட்ஸ் வர வேண்டும். ஈ என்றால் 659. எனக்கு வந்தது 640! முள் இரண்டுக்கும் நட்டநடுவில் ஆடியது. குளிர்ந்த குழல் தாழ்வாகத்தான் பேசும். உள்ளே காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 3 சென்ட் ஏறும் (100 சென்ட் ஓர் அரை ஸ்வரம்). அதனால் கையில் வைத்துப் பத்து நிமிடம் ஊதிச் சூடாக்கிய பிறகுதான் அளந்தேன். தலைப்பகுதியை முழுவதும் உள்ளே தள்ளினால் 645, 2 மில்லிமீட்டர் வெளியே இழுத்தால் 640. கீழ் ஸ்வரமும் அதன் மேல் ஸ்தாயியும் ஒத்துப்போயின. தலைக்குள் இருக்கும் தக்கை இடம் மாறியிருந்தால் அந்த ஒற்றுமை கெட்டிருக்கும். கருவியில் குறையே இல்லை. அப்புறம் ஏன் நடுவில் நிற்கிறது?

விடை சொன்னவர் எங்கள் ஊரில் முன்பு பேண்டு செட் வைத்திருந்த ஒரு பெரியவர். "தம்பி, அந்தக் காலத்து வாத்தியமெல்லாம் தூக்கலாத்தான் இருக்கும். அந்தக் கிளாரினெட்டையும் ஊதிப் பாரு" என்றார். பி ஃபிளாட் கிளாரினெட்டில் சி விரல் வைத்தால் 466 ஹெர்ட்ஸ் கேட்க வேண்டும். வந்தது 479. பிக்கோலோ எவ்வளவு ஏறியிருந்ததோ, ஏறக்குறைய அதே அளவு இதுவும்! இரண்டு கருவி ஒரே அளவு கெட்டுப்போகாது. அவை வேறொரு சுருதிக்குச் செய்யப்பட்டவை.

இன்று கருவிகளுக்குச் சுருதி சேர்க்க அளவாக வைக்கும் ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ். 1939இல் லண்டனில் கூடிய மாநாட்டில் ஒத்துக்கொண்ட அளவு அது. அதற்கு முன் இங்கிலாந்தில் சுமார் 452 வரை ஏற்றி வாசித்தார்கள். ஆர்கெஸ்ட்ராக்கள் 1896 வாக்கில் இறங்கிவிட்டன. ராணுவ பேண்டுகள் 1920களின் கடைசி வரை இறங்கவில்லை. 440க்கும் 452க்கும் இடையில் கிட்டத்தட்ட அரை ஸ்வரத்தில் பாதி. என் 640க்குக் கணக்கு அங்கே நேராகப் பொருந்தியது. அமெரிக்கக் கருவியானால் உயர்ந்த சுருதிக்கு எச்.பி., தாழ்ந்ததற்கு எல்.பி. என்று முத்திரை இருக்கும். என்னுடையதில் அதெல்லாம் இல்லை.

தலையை இன்னும் இழுத்து 440க்குக் கொண்டுவரலாமே என்றும் பார்த்தேன். சுமார் 8 மில்லிமீட்டர் இழுத்தால் அடி ஸ்வரம் சரியாகிறது. ஆனால் இரண்டு விரல் மட்டும் மூடிய ஸ்வரத்தில் காற்று ஓடும் நீளமே குறைவு. அதே 8 மில்லிமீட்டர் அதை அதிகமாக இறக்கிவிடுகிறது. ஸ்வர வரிசையே கலைந்துபோனது.

கடைசியில் பிக்கோலோவை விட்டுவிட்டு கீபோர்டைத்தான் மாற்றினோம். டியூனிங்கை 452.5க்கு ஏற்றி, டிரான்ஸ்போஸை (எல்லா ஸ்வரத்தையும் ஒன்றாக நகர்த்தும் வசதி) ஓர் அரை ஸ்வரம் கூட்டினோம். பையன் ஊதினான். அவ்வளவு நாள் முரண்டு பிடித்த இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன. என் அம்மா சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்து நின்று கேட்டார்.

ஒரு துண்டுத்தாளில் "ஆறு விரல் மூடினால் ஈ ஃபிளாட். ஏ = 452. துளையைத் தேய்க்கக் கூடாது" என்று எழுதிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.