பழைய டர்போ வண்டி ஐடில்ல நடுங்குது: காத்து எங்க பூருதுன்னு தேடுன அனுபவம்

வண்டி 2005 மாடல், 1.8 லிட்டர், 20 வால்வு டர்போ பெட்ரோல். பழைய ஆக்டேவியா, பஸ்ஸாட், ஆடி இதுலயெல்லாம் வந்த அதே குடும்பத்து இன்ஜின்தாங்க. இருபது வருசமான ரப்பர் எவன் செஞ்சதா இருந்தாலும் ஒரு நாளைக்குப் போகத்தான் செய்யும், அதனால வண்டியக் கொற சொல்றதுக்கு இத எழுதல.

கம்ப்ளெயின்ட் என்னன்னா, வெடியால ஸ்டார்ட் பண்றப்ப ஒண்ணுமே தெரியாது, நல்லாத்தான் நிக்கும், சூடானதுக்கப்புறம் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டு சிக்னல்ல நின்னா, அதாவது ஐடில்ல, ஆர்பிஎம் ஊசி 700க்கும் 900க்கும் நடுவுல ஆட ஆரம்பிச்சிரும், ஸ்டீரிங், சீட்டு, டேஷ்போர்டுல ஒட்டி வெச்ச முருகன் வரைக்கும் நடுங்கும். ஓட்டறப்ப பெருசா கொறை தெரியாது. பூஸ்ட், அதாவது டர்போ தள்ற காத்தழுத்தம், ஏர்ற நேரத்துல மட்டும் சித்தெ மந்தம்.

கேட்ட பக்கமெல்லாம் ஒரே பாட்டுதான், பிளக்க மாத்து, காயில மாத்து. நம்ம மெக்கானிக் அண்ணனும் அதையேதான் சொன்னாரு.

"ஏனுங் தம்பி, காயில் நாலையும் ஒட்டுக்கா மாத்தி உட்ரலாமுங்க, செரியாப் போயிருமுங்க."

"ஸ்கேன் கேபிள் போட்டு நம்பரப் பாத்துட்டு வர்றனுங்ணா, அப்பறமா மாத்திக்கலாம்."

இந்த இன்ஜின்ல சிலிண்டருக்கு ஒரு காயில், அது அடிக்கடி போறதும் உண்மைதான், இல்லைன்னு சொல்லல. ஆனா ஒரு காயில் போச்சுன்னா அந்த ஒரு சிலிண்டர்லதான் மிஸ் கவுண்ட், அதாவது எரியாம விட்ட எண்ணிக்கை, ஏறணும். லேப்டாப்புல விசிடிஎஸ்ங்கற ஸ்கேன் சாஃப்ட்வேரப் போட்டு 15, 16ஆம் பிளாக்க, அதாவது அதுல நம்பர் வர்ற பக்கத்தப் பாத்தா நாலு சிலிண்டர்லயும் அங்கொண்ணு இங்கொண்ணா ஏறுது. கோடு ரெண்டு இருந்துச்சு: 16684, அதாவது பொதுவான மிஸ்ஃபயர், இன்னொண்ணு 17544, இதுதான் விசயம், ஐடில்ல பெட்ரோல் பத்தல, எரியற கலவை லீன் ஆகுதுன்னு அர்த்தம். நாலும் சேந்து தடுமாறுதுன்னா நாலுக்கும் பொதுவா இருக்கற ஏதோ ஒண்ணுலதான் கோளாறு, காயிலுக்குக் காசு போடறதுக்கு முன்னாடி காத்தப் பாக்கணும்.

இங்க கொஞ்சம் நின்னு சொல்றேன், ஏன்னா இது புரிஞ்சா பாதி செலவு மிச்சம். ஏர் ஃபில்டர் பக்கத்துல இருக்கற மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள போற காத்த கிராம் கணக்குல அளந்து சொல்லும், அத வெச்சுத்தான் இசியு, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர், பெட்ரோல் ஊத்தும். அந்த சென்சாரத் தாண்டி வேற எந்த ஓட்டை வழியா காத்து பூந்தாலும் அது கணக்குலயே வராது. ஐடில்ல இந்த இன்ஜின் இழுக்கறது செகண்டுக்கு 3 கிராம் பக்கந்தான், அதுல அரை கிராம் திருட்டுக் காத்து பூந்தா பெரிய வித்தியாசம், அதே 150 குதிரைத்திறன் முழுசா எடுக்கறப்ப 120 கிராம் பக்கம் போகும், அப்ப அந்த அரை கிராம் எந்த மூலைக்கு?

அதனாலதான் 32ஆம் பிளாக்குல ரெண்டு நம்பர் தனித்தனியா வருது. மொத நம்பர் ஐடிலுக்கான திருத்தம், ரெண்டாவது ஓட்டத்துக்கான திருத்தம். மொதது மட்டும் ஏறி ரெண்டாவது சும்மா இருந்தா வேக்கம் லீக், அதாவது இன்ஜின் உறிஞ்சற பக்கத்துல ஓட்டை. ரெண்டாவது எச்சா ஏறுனா ஏர்ஃப்ளோ சென்சார் இல்லாட்டி பெட்ரோல் பம்பு, ஃபில்டர் பக்கம் போய்ப் பாக்கணும். எனக்கு மொதது 7.8 சதவீதம், ரெண்டாவது 1.2. இதுக்கு மேல சாட்சி என்னத்துக்கு. குளிருல நல்லா நின்னதும் இதனாலதான், அப்ப இசியு எப்படியும் பெட்ரோல எச்சா ஊத்தும், திருட்டுக் காத்து அதுல மறைஞ்சு போயிரும்.

டர்போ வண்டில இன்னொரு குழப்பம். ஆக்சிலேட்டருக்குத் தக்க காத்த விடற த்ராட்டிலுக்கு அக்கட்ட, சிலிண்டருக்குக் காத்தப் பிரிச்சு விடற மேனிஃபோல்டு ஐடில்ல உறிஞ்சும், ஆக்சிலேட்டர மிதிச்சா அதே இடம் வெளிய தள்ளும். ஒரே ஓட்டை ஐடில்ல காத்த உள்ள இழுத்து லீன் ஆக்கும், பூஸ்ட்ல அளந்த காத்த வெளிய விட்டு மந்தமாக்கும். என்னோட ரெண்டு கம்ப்ளெயின்ட்டும் ஒரே ஓட்டையாத்தான் இருக்கும்னு அப்பவே ஒரு நெனப்பு. என்75 வால்வ மாத்துனா ஐடில் செரியாகும்னு அடிச்சு சொல்றவங்க இருக்காங்க, அது டர்போவோட வேகத்த அடக்கற வேஸ்ட்கேட்டுக்குப் போற பூஸ்ட கட்டுப்படுத்தற வால்வுங்க, ஐடில்ல அதுக்கு வேலையே கெடையாது.

செலவில்லாத சோதனைய மொதல்ல பண்ணிரணும். வண்டி ஓடறப்ப ஆயில் மூடியத் தொறந்தேன். ஆயில் சேம்பர்ல இருந்து ஆவி வெளிய வர்ற பிரீதர் ஹோஸ் ஐடில்ல மேனிஃபோல்டோட சேந்துதான் இருக்கு, அதனால மூடியத் தொறந்தா வண்டி தடுமாறணும், தடுமாறாட்டித்தான் சந்தேகம். என்னோடது கண்டுக்கவே இல்ல, முன்னாடி எப்படி நடுங்குச்சோ அப்படியே நடுங்குது. பிரேக்க அமுத்திப் புடிச்சும் பாத்தேன், பூஸ்டர் டயஃப்ரம் கிழிஞ்சிருந்தா ஐடில் மாறும், அது ஒண்ணும் ஆகல.

அடுத்து வேக்கம் கேஜ். ஃபியூல் பிரஷர் ரெகுலேட்டருக்குப் போற சின்ன ஹோஸுல டி ஜாயின்டு போட்டு மாட்டுனா பாதரசக் கணக்குல 15 இஞ்ச். புஸ்தகத்துல 18ல இருந்து 22 வரைக்கும் இருக்கணும்னு போட்டிருக்கும், அது கடல் மட்டத்துக் கணக்கு, ஆயிரம் அடிக்கு ஒரு இஞ்ச் கொறையும். நம்ம பொள்ளாச்சி கிட்டத்தட்ட ஆயிரம் அடி, அதையும் கழிச்சாலும் 15 கம்மிதான்.

கார்ப் கிளீனர் அடிச்சுத் தேடற பழைய முறை எனக்குப் புடிக்காது. ஒரு பக்கம் டர்போ கொதிச்சுக் கெடக்குது, அங்க போய் பத்தற சாமான அடிக்கறது வேண்டாத வேலை. அதுவுமில்லாம இசியு ஐடில உடனே செரி பண்ணிக்கும், ஆர்பிஎம்ல ஒண்ணும் தெரியாது, ஆக்சிஜன் சென்சார் நம்பரத்தான் பாத்துட்டே இருக்கணும்.

அதனால பிரஷர் டெஸ்டு. தோப்புக்குச் சொட்டு நீர் போடறப்ப மிஞ்சுன பிவிசி எண்ட் கேப் ஒண்ணு கெடந்துச்சு, அதுல ஓட்டை போட்டு பஞ்சர் கடைல வாங்குன டியூப்லெஸ் வால்வ மாட்டி, டர்போவுக்குப் போற பைப்போட வாய்ல சொருகி கிளிப் போட்டு இறுக்கியாச்சு. ஏர்ஃப்ளோ சென்சாரக் கழட்டி ஓரமா வெச்சிரணும். அப்பறம் கம்ப்ரசர். இங்கதான் அவசரப்படக் கூடாது, பிரீதர் வழியா அந்தக் காத்து ஆயில் சேம்பருக்கும் போகும், எச்சா ஏத்துனா ஆயில் சீல் போயிரும், நான் 5 பிஎஸ்ஐக்கு மேல போகல. சில நேரம் ஏதாவது ஒரு சிலிண்டர்ல ரெண்டு பக்க வால்வும் சித்தெ தொறந்து நிக்கும், சைலன்சர்ல உஸ்ஸுனு கேக்கும், அத லீக்குன்னு நெனச்சுக்கக் கூடாது, கிராங்க கொஞ்சம் சுத்தி விட்டா நின்னுரும். மொதல்ல புகை விட்டுத்தான் பாக்கலாம்னு இருந்தேன், ஆனா ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து இங்க எப்படி அடிக்கும்னு தெரியுமுல்ல, புகை வர்றதுக்கு முன்னாடியே உடுமலைக்குப் போயிரும். சோப்புத் தண்ணிதான் ஒத்து வந்துச்சு.

ஜாயின்டு ஜாயின்டா சோப்புத் தண்ணி அடிச்சுட்டே வந்தா இன்டர்கூலர் பைப்பு எல்லாம் சுத்தம். சும்மா கெடந்த ஒரு அடி ரப்பர் டியூப காதுல வெச்சு மேனிஃபோல்டுக்கு அடில நீட்டுனதுந்தான் சத்தம் கேட்டுச்சு. கண்ணுக்குத் தெரியாத எடம். கண்ணாடியும் செல்போன் டார்ச்சும் வெச்சுப் பாத்தா, பிரீதர் ஹோஸுல ஒரு வளைவு, அதோட அடிப்பக்கத்துல நுரை நுரையா பொங்குது. கைய விட்டுத் தொட்டா ரப்பர் வெயில்ல வெச்ச கருப்பட்டி மாதிரி வெரல்லயே ஒட்டிட்டு வருது, வெரல் உள்ளயே போயிருச்சு. மேல் பக்கம் பாத்தா புதுசாட்டம் நல்லா இருக்கு, ஆயில் நிக்கற அடிப்பக்கம் மட்டும் ஊறிக் கூழாயிருக்கு. மூணு வருசத்துக்கு முன்னாடி பிளக் மாத்துனப்ப மேல இருந்து பாத்துட்டு நல்லாருக்குன்னு எல்லாரும் சொன்ன அதே ஹோஸ்.

அதோட சேத்தே மேனிஃபோல்டுக்குப் போற செக் வால்வையும் கழட்டி வாய்ல ஊதுனேன். ஒரு பக்கந்தான் காத்து போகணும், இது ரெண்டு பக்கமும் போகுது. அப்படின்னா பூஸ்ட் வர்றப்ப அந்த அழுத்தம் நேரா ஆயில் சேம்பருக்குள்ள போயிருக்கு. வால்வு கவர் ஓரத்துல ஆயில் கசிஞ்சதுக்குக் காரணம் இப்பத்தான் தெரியுது.

புது ஹோஸ் விசயத்துல ஒண்ணு சொல்லணும். கோயமுத்தூர் நஞ்சப்பா ரோட்டுல கேட்டப்ப மொதல்ல குடுத்தது கலர் கலரா சிலிகான் ஹோஸ். சின்ன வேக்கம் லைனுக்கு அது நல்லது, ஆனா ஆயில் ஆவி போற எடத்துல சாதா சிலிகான் தாங்காது, ஊறி உப்பிரும். ரேடியேட்டர் ஹீட்டர் ஹோஸும் வேண்டாம், சூட்டுல மெத்துனு ஆகி உறிஞ்சறப்ப சப்பிப் போயி அடைச்சுக்கும். வளைவுக்கு மோல்டு பண்ண அதே பார்ட்ட வரவழைச்சேன், நேர் துண்டுக்கு ஹைட்ராலிக் ஹோஸ் விக்கற கடைல ஆயில் தாங்கற நைட்ரைல் ரப்பர். செக் வால்வு புதுசு, மாட்டறப்ப அம்புக்குறி மேனிஃபோல்ட பாத்து இருக்கணும். கை போகாத எடம், மேல இருக்கற பைப்பக் கழட்டாம வேலை செய்யலாம்னு பாத்தா பொறுமைதான் போகும், கழட்டிருங்க.

மாட்டிட்டு கோட அழிச்சு, இக்னிஷன் ஆன் பண்ணி இன்ஜின ஸ்டார்ட் பண்ணாம 60ஆம் பிளாக்குல த்ராட்டில் அடாப்டேஷன், அதாவது த்ராட்டிலோட அளவ இசியு திரும்பக் கத்துக்கற வேலை, ஓட்டி விட்டேன். நம்பர் உடனே எறங்காது, கொஞ்ச நாள் ஓடி இசியு திரும்பக் கத்துக்கணும். ஆழியார் போயி அங்கிருந்து வால்பாறை ஏறுனேன், 40 கொண்டை ஊசி வளைவு, ரெண்டாவது கியர்ல பூஸ்ட் வந்து வந்து போற மாதிரி ரோடு வேற எங்க கெடைக்கும். மந்தம் இல்ல. மேல டீ குடிக்க நிறுத்துனப்ப ஊசி 800ல அப்படியே நிக்குது, மூடியத் தொறந்தா இப்ப நல்லா தடுமாறுது.

வேக்கம் கேஜ் 18.5. ஐடில் திருத்தம் 7.8ல இருந்து 2.6க்கு எறங்கியிருக்கு. 2.6 ஒண்ணும் மோசமில்ல, இருந்தாலும் இன்னும் சித்தெ எங்கயோ பூருதுன்னு எனக்குத் தோணுது, சந்தேகம் இன்ஜெக்டரோட அடி ஓ-ரிங் மேல, அதுவும் அதே வயசு ரப்பர்தான். செட்டுக்குச் சொல்லி வெச்சிருக்கேன், வந்ததும் ஃபியூல் ரெயிலக் கழட்டறப்ப வால்வு கவர் கேஸ்கெட்டையும் ஒட்டுக்கா மாத்திரலாம்னு இருக்கேன். காயில் நாலும் பழசேதான் ஓடிட்டு இருக்கு, மிஸ் கவுண்ட் பூஜ்யம்.