நடுவில் வெட்டக் கூடாத புத்தகம்

வாடகை நூலகத்தில் பைண்டிங் மேஜைக்குத் திரும்பத் திரும்ப வருகிற புத்தகங்களில் ஸ்டீபன் கிங்கின் ‘இட்’ என்ற திகில் நாவல் ஒன்று. 1986இல் வந்த கெட்டி அட்டைப் பதிப்பே 1138 பக்கம். காட்பாடிப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் எடுத்துப்போவது பேப்பர்பேக்; முதுகில் பசை மட்டும்தான், தையல் கிடையாது. வேலூர்க் கத்திரி வெயிலில் அந்தப் பசை அப்பளமாகிவிடும். படித்த இடத்தில் கவிழ்த்து வைத்தால் போதும், ‘டப்’பென்று இரண்டாகும்.

600 பக்கம் தாண்டினால் இரண்டு பாகமாகத் தைத்துவிடுவது மேஜை வழக்கம். இதில் அது செல்லாது. 1958இல் டெர்ரி என்ற ஊரில் ஏழு சிநேகிதப் பிள்ளைகள். 1985இல் அவர்களே பெரியவர்கள், பால்ய காலத்தையே மறந்துபோனவர்கள். இரண்டு காலமும் சடை மாதிரிப் பின்னிப் போகின்றன. ஒரு காலத்தில் பாதியில் நிற்கும் வாக்கியம் அடுத்த தலைப்பின் கீழ் மற்றக் காலத்தில் முடிகிற இடங்கள்கூட உண்டு.

தாள்களின் ஓரத்தில் ஊடுருவத் துளையிட்டுத் தைக்கிற குத்துத் தையலும் வேண்டாம். ஐந்து சென்டிமீட்டர் கனத்தில் அது உள் ஓரத்தை ஒரு சென்டிமீட்டர் தின்றுவிடும்; வரியின் முதல் எழுத்துகள் தையலுக்குள் போய்விடும். பழைய பசையைச் சுரண்டி, தாள்களைத் தட்டிச் சமமாக்கி, முதுகில் ஆறு இடத்தில் ரம்பத்தால் இரண்டு மில்லிமீட்டர் கீறுங்கள். முதுகிலிருந்து நாலு விரல் தள்ளிப் பலகையால் இறுக்கி, தாள்களை ஒரு பக்கம் விசிறியாய்ச் சாய்த்து ஃபெவிகால், மறுபக்கம் சாய்த்து இன்னொரு பூச்சு. ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் மயிரிழை பசை ஏற வேண்டும். தண்ணீர் கூடினால் உள்ளே இறங்கிப் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். கீறலில் பருத்தி நூல், மேலே காடாத்துணி, ஒரு ராத்திரி பாரம். அன்றைக்கே அட்டை போட்டால் முதுகு கோணும். அட்டைக்கு மைதாப் பசை, அதில் சிட்டிகை மயில்துத்தம். இல்லாவிட்டால் கரப்பானுக்கு விருந்து.

படமாக்கியவர்கள் இந்தப் பின்னலைப் பிரித்தே விட்டார்கள். ஆன்டி முஸ்கியெட்டியின் 2017 படத்தில் பிள்ளைகள் மட்டும், பெரியவர்கள் 2019இல். முதல் படம் நன்றாகவே நின்றது. இரண்டாவதில்தான் இடித்தது. நாவலில் அவர்கள் மறந்ததை நினைக்கும்போது வாசகருக்கும் அது புதிது. படத்தில் நாம் எல்லாம் பார்த்தாயிற்று. அவர்களுக்கு ஞாபகம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதாகிறது. 1990 தொலைக்காட்சி வடிவத்தின் முதல் பகுதி, ஒவ்வொருவருக்கும் போன் வரும்போது அவர்களின் சிறுவயதைத் திறந்து, பழைய பின்னலைக் கொஞ்சம் காப்பாற்றியது. இரண்டாம் பகுதி சப்பென்று போனது வேறு விஷயம்.

2017 படத்தில் பிள்ளைப் பருவத்தை 1989க்கு மாற்றியதில், 1958இன் பிள்ளைகளைப் பயமுறுத்திய ஓநாய் மனிதன், மம்மி போன்ற பழைய சினிமாப் பூதங்கள் கழன்றன, அது சரிதான். ஏழு பேரில் ஒருவனான மைக்குக்குச் செய்ததுதான் நூலகக்காரர்களுக்குப் பொறுக்காது. நாவலில் ஊரைவிட்டுப் போகாமல் நூலகராகி டெர்ரியின் சரித்திரத்தை எழுதி வைப்பவன் அவன். முதல் படத்தில் அந்தத் தேடல் இன்னொரு பையனான பென்னிடம் போய்விட்டது.

மைக்கின் குறிப்புகள் நாவலில் பாகங்களுக்கு நடுவே இடைச்செருகலாக வரும். புத்தகத்தை வெட்டியே தீர வேண்டுமென்றால் அப்படியொரு குறிப்பு முடியும் தாளில் வெட்டுங்கள். இரண்டு பாகத்தையும் ஒரே ஆளுக்கு, ஒரே நாளில் கொடுங்கள்.