மூன்று மணிக்கு மாறும் வானம்

ஹவுன்ஸ்லோவில் எங்கள் வீடு ஹீத்ரோ விமான நிலையத்தின் வடக்கு ஓடுபாதைக்கு நேர் கிழக்கே இருக்கிறது. இங்கே பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும் காற்றுத்தான். விமானம் எதிர்காற்றில் இறங்க வேண்டும் என்பதால், லண்டன் நகரத்துக்கு மேலாக வந்து எங்கள் கூரையைத் தாண்டித்தான் தரையைத் தொடும். ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று. வாலில் என்ன படம் என்று குசினி ஜன்னலால் பார்த்தே சொல்லலாம்.

சத்தம் பழகிவிடும். அதற்குப் பிறகு வருவதுதான் எனக்கு இன்னும் பழகவில்லை. ஏ380 மாதிரிப் பெரியது போய்க் கொஞ்சம் கழித்து, வெறும் வானத்தில் சேலை கிழிக்கிறதுபோல ஒரு சரசரப்பு. இறக்கை நுனியில் சுழன்ற காற்று கீழே இறங்குகிறது. சில வேளை கூரை ஓடுகளையும் பெயர்த்துவிடும். அப்படிப் பெயர்ந்தால் திருத்திக் கொடுக்க விமான நிலையத்திடம் தனித் திட்டமே உண்டு.

எங்களைக் காப்பாற்றுவது பிற்பகல் 3 மணி. ஒரு ஓடுபாதையில் இறங்குவார்கள், மற்றதில் மேற்குப் பக்கமாக ஏறுவார்கள். 3 மணிக்கு இரண்டையும் மாற்றிவிடுவார்கள். அடுத்த கிழமை எல்லாம் தலைகீழ். இதற்கான அட்டவணையை முன்கூட்டியே வெளியிடுகிறார்கள். எங்கள் வீட்டில் அது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கு அழைப்பு எடுப்பதும் அதைப் பார்த்துத்தான். பாராமல் எடுத்தால் அம்மா, "என்ன பிள்ளை, அங்கை இடி முழங்குதோ?" என்பார்.

கிழக்கிலிருந்து காற்று அடித்தால் அட்டவணை செல்லாது. அப்போதும் வடக்கு ஓடுபாதையிலிருந்து எங்கள் பக்கமாக ஏறுவது அரிது. 1950களில் பக்கத்துக் கிரான்ஃபோர்ட் ஊராருக்கு அரசு கொடுத்த வாய்வாக்கு அது. 2009இல் அதை முடித்துவிட்டதாக அறிவித்தார்கள். அப்படியும் பழைய வழக்கம் லேசில் போகவில்லை.

2025 மார்ச் 21 அன்று அட்டவணையே தேவைப்படவில்லை. முதல்நாள் இரவு ஹேய்ஸில் நார்த் ஹைட் துணை மின்நிலையம் தீப்பற்றி, ஹீத்ரோவை மூடிவிட்டார்கள். அன்று அம்மா ஒரு மணித்தியாலம் இடைவிடாமல் கதைத்தார். "அம்மா, பிளேன் வருது, பிறகு எடுக்கிறன்" என்று வைக்கவும் வழியில்லை.

இந்தப் பக்கம் வீடு பார்க்க வருகிற நம்மவர்கள், முகவர் சொல்கிற நேரத்துக்கு மட்டும் போகாதீர்கள். அந்த அட்டவணை அவருக்கும் தெரியும். காலையில் ஒருமுறை, 3 மணிக்குப் பிறகு ஒருமுறை போங்கள். உள்ளே கண்ணாடியைச் சாத்திவிட்டு இல்லை, வளவில் நின்று கதைத்துப் பாருங்கள்.